பிழையின் வகை

ஸ்க்ரேயவோக் துறையின் தூக்குப்பாலம்
நான் எழுதிய நிரலில்தான் எழுந்து இறங்குகிறது.
அதற்கு இரண்டு ‘திற’ கற்றுக்கொடுத்திருந்தேன்.
ஏதோ ஒரு கலம் வந்தால்
வரிசை பார்த்துத் திற.
மீட்புப் படகு வந்தால்
எதையும் பார்க்காமல் திற.

சொல் ஒன்றுதான்.
பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்களோ
அவர்களைப் பார்த்துப் பொருள் மாறும்.
எங்கள் நோர்வீஜிய மொழியில்
மணமானவருக்கும் நஞ்சுக்கும் ஒரே சொல், யிஃப்ட்.
அதனால் யாரும் குழம்பிச் செத்ததில்லை.
என் முன்னாள் கணவன் ஓட்மாக்னே மட்டும்
விருந்துகளில் வேண்டுமென்றே குழம்புவான்.

படகுகளுக்கும் ஓர் ஏவல் தந்திருந்தேன், ‘புறப்படு’.
அது வேறு சாதி.
புறப்படு என்றால் இழுவைப் படகு
முதலில் இருமிப் புகை கக்கும்.
பயணிப் படகு கதவு சாத்தி ஆள் எண்ணும்.
ஹவ்ஸூலா, அந்தச் சிவப்பு மீட்புப் படகு,
என் சொல் முடியுமுன் கயிற்றை உதறியிருக்கும்.
கேட்பது ஒரே குரல்,
அவரவர் உடம்பில் அவரவர் விடை.
அந்த அழகில் மயங்கித்தான்
இரண்டும் ஒன்றென்று இருந்துவிட்டேன்.

பிப்ரவரி ஒன்பது, இரவு இரண்டு நாற்பது.
வெளித்தீவில் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது.
ஹவ்ஸூலா பாலத்தடியில் வந்து நின்றது.
முன்னால் இரண்டு மீன்படகுகள்.
பாலம் வரிசை பார்த்தது.

பதினொரு நிமிடம்.

தலைவி எல்ட்பியோர்க் போனில் கத்தவில்லை.
காற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்று கேட்டாள்:
“உன் பாலத்துக்கு என்னைத் தெரியாதா?”

தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
அதுவரை அவள் வந்தபோதெல்லாம் வரிசை காலி.
சோதனைகளிலும் தேறியிருந்தது;
அங்கே நான் ஹவ்ஸூலாவை
மீட்புப் படகு என்று பேரெழுதியே
கையில் பிடித்திருந்தேன்.
துறையிலோ, வருகிற எல்லாவற்றையும்
‘கலம்’ என்று சீட்டொட்டிய ஒரே பட்டியலில்
போட்டுவைத்திருந்தேன்.

புறப்படு என்னும்போது
படகே விடை சொல்கிறது,
அந்த நொடியில், உள்ளிருந்து.
திற என்னும்போது
கம்பைலர் எப்போதோ முடிவுசெய்துவிட்டது,
செப்டம்பரில் ஒரு வியாழன் மதியம்,
நான் காப்பிக்கு எழுந்துபோன நேரத்தில்,
சீட்டை மட்டும் படித்து.
கலம் என்றிருந்தது.
கலத்துக்குரிய திறவைக் கட்டிக்கொடுத்தது.
பிப்ரவரி இருட்டில் வரப்போகும் சிவப்பை
அது எங்கே கண்டது?

“ஒவ்வொன்றையும் நிறுத்தி
‘நீ மீட்புப் படகா’ என்று கேட்டுவிடேன்” என்றான் கௌட்டே.
கேட்கலாம்.
நாளைக்குத் தீயணைப்புப் படகு வரும்,
மறுநாள் ஆம்புலன்ஸ் படகு.
கேள்விகள் வால்போல நீளும்,
ஒன்றை யாராவது மறப்பார்கள்.
அநேகமாக நான்.

பேச்சையே திருப்பிப் போட்டேன்.
‘பாலமே, இந்தக் கலத்துக்குத் திற’
என்ற வரியை அழித்தேன்.
கலத்திடம் போய், நீயே பாலத்தைக் கேள் என்றேன்.
ஒவ்வொரு படகின் வயிற்றுக்குள்ளும்
ஒரே வரியை எழுதினேன்:
பாலமே, எனக்குத் திற.

மீன்படகிலும் அதே வரி, ஹவ்ஸூலாவிலும் அதே வரி,
எழுத்துக்கு எழுத்து.
மேலே ஒருமுறை எழுதிவைத்தால் போதாதா என்று
கௌட்டே இன்னும் கேட்கிறான்.
போதாது.
மேலே நின்று எழுதினால்
‘எனக்கு’ என்பதும் வெறும் கலம்.
ஹவ்ஸூலாவுக்குள் நின்று எழுதினால்தான்
அந்த ‘எனக்கு’ சிவப்பாக இருக்கிறது,
கம்பைலர் கண்ணுக்கும்.

இடுப்பு முறிந்தவர் தேறிவிட்டார்.
நகராட்சிக்குக் காரமாக ஒரு கடிதமும் போட்டிருக்கிறார்.
அதற்கு நான் நிரப்ப வேண்டிய படிவத்தில்
‘பிழையின் வகை’ என்றொரு கட்டம்.
மனிதர், இயந்திரம், வானிலை, பிற.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வெளியே ஹவ்ஸூலா சோதனைக்கு வந்து
நிற்காமல் போனது.

‘பிற’வில் குறியிட்டேன்.